விரல் நுனியில் ஒரு கல்வி

கரை புரண்டு வரும் காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. 1836-இல் சர் ஆர்தர் காட்டன் கட்டத் தொடங்கிய மேலணை, அந்நீரைக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் பகிர்ந்தளிக்க எழுந்தது. ஆற்றில் எவ்வளவு நீர் வந்தால்தான் என்ன? அணையும் மதகும் வாய்க்காலும் இல்லையேல் அது வயலைச் சென்று சேராது. மனிதனின் எண்ணமும் அப்படித்தான். அது வரியாகி, பத்தியாகி, உரியவர் கையில் ஒழுங்கான ஒரு தாளாகச் சேர்ந்தால்தான் பயன் தரும். அந்த ஒழுங்கைக் கற்றுத்தரும் கலையே தட்டச்சு. பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலிருந்தே படிக்கும் இளைஞர்களுக்கு அதை எவ்வாறு கற்பிக்கலாம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

வீடே பள்ளியானவர்கள்

உடல்நலக் குறைவால், வறுமையால், பெற்றோரின் விருப்பத்தால் எனப் பல காரணங்களால் பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்கின்றனர். அவர்களுக்குத் தேர்வு எழுத வழி இல்லாமல் இல்லை. பன்னிரண்டரை வயது நிறைந்தோர் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 1989-இல் தோன்றிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகப் பதினான்கு வயதானோர் பத்தாம் வகுப்புக்குரிய தேர்வை எழுதலாம். கணிப்பொறியில் ஆவணங்களை அமைப்பதைக் கற்பிக்கும் 'தரவு உள்ளீட்டுப் பணிகள்' அங்கே ஒரு பாடமாகவே உள்ளது.

ஆயினும் அவர்களுக்கு ஒரு குறை உண்டு. பள்ளி மாணவன் விடுப்புக் கடிதம் எழுதுகிறான். ஏட்டில் ஓரம் விட்டு எழுதுகிறான். தவறினால் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகிறார். வீட்டில் படிப்பவருக்கு இவ்வாய்ப்பு அரிது. பாடம் தெரியும், தெரிந்ததைத் தாளில் அமைக்கத் தெரியாது. தட்டச்சுப் பயிற்சி ஈடுசெய்ய வேண்டியது இக்குறையைத்தான்.

முதற்படி: விரல்

இடக்கை விரல்கள் நான்கும் வலக்கை விரல்கள் நான்கும் நடு வரிசை விசைகளில் தங்கவேண்டும். தமிழகத்துப் பயிலகங்களில் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று தொடங்கும் முதற்பாடம் தலைமுறை தலைமுறையாக ஒலித்தது. தமிழ்ப் பொறியில் இடக்கை விரல்கள் ய, ள, ன, க ஆகியவற்றில் அமரும். விசையைப் பார்க்காமல் அடிப்பதே இப்பயிற்சியின் உயிர். கண் மூலத்தாளில் இருக்க, விரல் தன் இடத்தைத் தானே அறியவேண்டும்.

தொடக்கத்தில் வேகத்தை நாடலாகாது. பிழையோடு பழகிய விரலைத் திருத்துவது, புதிய விரலுக்குக் கற்பிப்பதைவிடக் கடினம். ஒரே சீரான தாளத்தில், நாளும் அரை மணி நேரம் பழகினால் போதும்; வேகம் தானே வரும். ஐந்து அடிப்பு ஒரு சொல் எனக் கொள்வது மரபு. ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்பது அரசுத் தேர்வின் அளவு.

இரண்டாம் படி: பக்கம்

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அத்தேர்வில் முதல் தாள் வேகத்தை அளக்கிறது. இரண்டாம் தாள் கடிதமும் அட்டவணையும் அமைக்கும் திறனை அளக்கிறது. பலரும் முதல் தாளையே பெரிதாக எண்ணுவர். உண்மையில் கல்வி இருப்பது இரண்டாம் தாளில்தான்!

ஒரு சிறு கணக்கைக் காண்போம். பைக்கா வகை எழுத்துப் பொறியில் ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். அதாவது ஏறத்தாழ 82 எழுத்து. நடுப்புள்ளி 41. தலைப்பு 24 இடம் கொள்ளுமானால் அதில் பாதி 12. ஆகவே 29 இடம் விட்டுத் தொடங்கினால் தலைப்பு நடுவில் நிற்கும். தமிழில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. புள்ளிக்குரியது 'நகரா விசை'. அதை அடித்தால் தாள் நகராது. 'மரம்' என்பதற்கு நான்கு அடிப்பு; ஆனால் அது கொள்வது மூன்று இடமே. இதைக் கணக்கிடும் பிள்ளை மொழியையும் கணிதத்தையும் ஒருங்கே கற்கிறது.

கணிப்பொறியில் ஒரு பொத்தானை அழுத்தினால் தலைப்பு நடுவில் வந்துவிடும். அப்படியானால் இக்கணக்கு எதற்கு? காரணம் அறியாதவர், இடைவெளி விசையைப் பலமுறை தட்டித் தலைப்பை நகர்த்துவர். ஒரு சொல்லை மாற்றினால் பக்கம் முழுதும் குலையும். காரணம் அறிந்தவரோ ஓரம், பத்தி, தலைப்பு, அட்டவணை ஆகியவற்றுக்கு முதலிலேயே அளவு வகுத்துக்கொள்வார்.

நம் ஊரே பாடநூல்

பயிற்சிக்குரிய பொருளை வெளியே தேடவேண்டியதில்லை. மேலணையில் திறக்கப்படும் நீரை 'நாள், காவிரி, கொள்ளிடம்' என மூன்று பத்தியில் அட்டவணையாக்கலாம். பெட்டவாய்த்தலையில் பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்காலைத் தூர்வார வேண்டி ஒரு விண்ணப்பம் அமைக்கலாம். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, செய்தி, இடம், நாள், ஒப்பம், இணைப்பு என ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்கவேண்டும். பெறுநர் யார் என்று தீர்மானிக்கும்போதே எந்த அலுவலர் எதற்குப் பொறுப்பு என்பது விளங்கிவிடும். பொருளை ஒரே வரியில் எழுதும்போதே நாம் கேட்பது என்ன என்பது தெளிவாகிவிடும்.

இங்கேதான் இக்கல்வியின் பெரும்பயன் இருக்கிறது. அலுவலக வாயிலில் பிறருக்குக் காசு கொடுத்து மனு எழுதும் நிலை ஏழைக்கு இன்னும் உண்டு. தன் குறையைத் தானே எழுதத் தெரிந்த ஒரு பெண், தன் குடும்பத்துக்கு மட்டுமா துணை? தெருவுக்கே துணையன்றோ!

வேலைவாய்ப்பும் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதியில் தட்டச்சர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுத் தேர்ச்சி வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் முதுநிலையாக இருத்தல் வேண்டும். எங்கே படித்தார் என்பதைவிட எதைச் செய்ய வல்லவர் என்பதைக் கேட்கும் கதவு இது.

பொறி மாறலாம், நெறி மாறாது

தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்த பெருமை யாழ்ப்பாணத்து ரா. முத்தையாவைச் சேரும். 1955-இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே செய்த பொறியை வெளியிட்டது. 2009-இல் உற்பத்தியை நிறுத்தியது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகை, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் பிரித்தளித்தது. பொறிகள் வரும், போகும். விரலின் பழக்கமும் பக்கத்தின் ஒழுங்கும் நிலைக்கும்.

மாணவ நண்பர்களே! நம்மில் தட்டச்சுத் தேர்ச்சி பெற்றோர் பலர் உள்ளனர். ஜீயபுரம், எலமனூர், பெட்டவாய்த்தலை ஊர்களில் வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளும் இருப்பர். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் அடுத்த முறை அப்பக்கம் செல்லும்போது, மண்வெட்டியோடு ஒரு விசைப்பலகையையும் கொண்டு செல்வோம். சில நாளில் விரல் பழகிவிடாது. ஆனால் முதற்பாடத்தைத் தொடங்கிவிடலாம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், பின்னர் ஞாயிறுதோறும் சென்று தொடரலாம். கற்றதைப் பகிர்தலினும் சிறந்த கல்வி வேறு உண்டோ?