போட்டோவை அழித்தால் கம்ப்யூட்டர் வேகமாகுமா?

வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது பாதியில் கம்ப்யூட்டர் திணறுகிறதா? 'மெமரி ஃபுல்' என்று குடும்ப போட்டோக்களை அழிக்க ஆரம்பிச்சிடாதீங்க. போட்டோ இருப்பது ஸ்டோரேஜில். திணறுவது பெரும்பாலும் ரேம். பரணில் எவ்வளவு இடம் இருந்தாலும், அடுப்பு மேடை சின்னதாக இருந்தால் சமையல் இழுக்கத்தானே செய்யும்?

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'மெமரி' என்ற தலைப்பைக் கிளிக் செய்தால், அதிக ரேம் எடுப்பது மேலே வரும். அநேகமாக பிரவுசர்தான், திறந்திருக்கும் ஒவ்வொரு டேபும் ரேமில் இடம் பிடிக்கும். விண்ணப்பம் இருக்கும் டேபை விட்டுவிட்டு மற்றதை மூடுங்கள். பெயர் தெரியாத புரோகிராமில் கை வைக்காதீங்க, அது விண்டோஸுக்கே தேவைப்படலாம்.

மெமரி 60, 70 சதவீதம் காட்டினால் பயம் வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கு லாபம்? 90-ஐத் தாண்டி, டிஸ்க்கும் 100-லேயே நின்றால்தான் சிக்கல். ரேமில் இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கில் இடம் கடன் வாங்குகிறது என்று அர்த்தம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ரொம்பவே இழுக்கும்.

4 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் இது அடிக்கடி நடக்கும். புதுசு வாங்குவதற்கு முன், ரேம் கூட்ட முடியுமா என்று கடையில் கேளுங்கள். சில லேப்டாப்களில் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள்; அதில் முடியாது.