காட்சிப் பெட்டியின் கீழே நாலு வரி! அதை யார் படிக்கிறார்கள் தெரியுமா?

மலைப்பாதையில் வெள்ளி அருவியைத் தாண்டி, கொடைக்கானலை எட்டுவதற்குச் சற்று முன்னால் செண்பகனூர் வரும். 1895-இல் ஏசு சபையினர் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி அங்கேதான். அதற்குள் ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருப்பது தெரியுமா? பாடம் செய்த விலங்குகள், பறவைகள், பாம்புகள், வண்ணத்துப்பூச்சிகள், கொடைக்கானல் அமைந்த பழனி மலைத்தொடரின் ஆதிகுடிகள் விட்டுப்போன பொருள்கள்! ஏரி, தூண் பாறை என்று பறக்கிறவர்கள் இதைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

சரி, பெட்டியின் கீழே ஒட்டியிருக்கும் லேபிளை யார் நின்று படிக்கிறார்கள்? "ஒருத்தரும் படிப்பதில்லை" என்றுதான் அருங்காட்சியகக்காரர்களே வெகுநாள் சலித்துக்கொண்டிருந்தார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாலெட் மெக்மேனஸ் என்ற ஆய்வாளர் பார்வையாளர்களின் பேச்சையே பதிவு செய்து கேட்டார். 1989-இல் முடிவை வெளியிட்டார். என்ன ஆச்சரியம்! லேபிளில் அச்சாகியிருந்த அதே சொற்கள் அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தன! கூட்டத்தில் ஒருவர் ஓரக்கண்ணால் இரண்டு வரி பார்ப்பார், உடனே மற்றவர்களிடம் சொல்லிவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் யாருமே படிக்காத மாதிரி இருக்கும். படிப்போ நடந்து முடிந்திருக்கும்!

யாரோடு போகிறோம் என்பதற்கேற்பப் படிப்பதும் மாறுகிறது என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. தனியாக வருகிறவர் பெரும்பாலும் கவனமாகப் படிக்கிறார். பிள்ளைகளோடு வருகிறவர்கள் குறைவாகப் படித்து நிறையப் பேசுகிறார்கள்.

படிக்காமல் போவது சோம்பலால்தான் என்று நினைக்கிறீர்களா? பாஸ்டனில் பெஞ்சமின் கில்மன் என்பவர் ஒரு மனிதரைக் காட்சிப் பெட்டிகளின் முன் நிறுத்தி எடுத்த படங்களை 1916-இல் வெளியிட்டார். லேபிளைப் பார்க்க அந்த மனிதர் குனிகிறார், வளைகிறார், குந்துகிறார்! 'அருங்காட்சியகக் களைப்பு' என்று கில்மன் அதற்குப் பெயரிட்டார். குற்றம் வந்தவருடையது அல்ல. உயரம் பார்க்காமல் பெட்டியை வைத்தவருடையது.

வருகிறவர்கள் நடக்கும் விதமும் ஒன்றல்ல. 1983-இல் பாரிசில் வெரோன், லெவசேர் என்ற இரு ஆய்வாளர்கள் அதை வைத்துப் பார்வையாளர்களை நாலு உயிரினங்களாகவே பிரித்துவிட்டார்கள்! சுவரோரமாக ஒன்றுவிடாமல் போவது எறும்பு. அங்குமிங்கும் பறப்பது வண்ணத்துப்பூச்சி. நடுவில் நழுவிப் போவது மீன். பிடித்ததற்கு மட்டும் தாவுவது வெட்டுக்கிளி. நீங்கள் எது?

அந்த நாலு வரிக்கு அப்படி என்ன மதிப்பு? காய்ந்த செடி ஒன்றை அட்டையில் ஒட்டி வைத்தால் அது வெறும் சருகுதான். பறித்த இடம், தேதி, பறித்தவர் பெயர் எழுதிய சீட்டு பக்கத்தில் இருந்தால்தான் அது சான்று! திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரச் சேகரிப்பகத்தைச் சேர்ந்த அருட்தந்தை கே. எம். மேத்யூ 1999-இல் பழனி மலைத் தாவரங்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார் அல்லவா? அப்படிப்பட்ட நூல்கள் எழுவதே இத்தகைய சீட்டுகளின் மேல்தான். படங்களுக்கும் இதே கதைதான். கொடைக்கானல் சூரிய வானாய்வகத்தைப் பாருங்கள். 1904 முதல் அங்கே சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வருகிறார்கள். எடுத்த தேதியும் நேரமும் தெரிவதால்தான் நூறாண்டுக்கு முந்தைய சூரியப்புள்ளியை இன்றும் ஆராய முடிகிறது!

வெட்டவெளியில் இருப்பதற்கும் சீட்டு வேண்டும். பழங்கால ஈமச்சின்னங்களான பழனி மலைக் கற்திட்டைகளைப் பற்றி ஆங்லேட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-இலேயே நூலாக வெளியிட்டது. ஆனால் கற்திட்டையின் பக்கத்தில் ஒரு பலகை இல்லாவிட்டால், வழியில் போகிறவருக்கு அது நாலு பாறை!

அடுத்த முறை கொடைக்கானல் போனால் செண்பகனூரில் இறங்குங்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரே ஒரு லேபிளையாவது பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்து, தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். மற்றதை அவர்களே கேட்பார்கள்.