கையில் உள்ளதைக் கொண்டு குழந்தையைப் பேணுவோம்

ரப்பர் மரம் ஆண்டுதோறும் தன் இலைகளை உதிர்க்கின்றது. நம் நாட்டில் இது பெரும்பாலும் ஆண்டின் முதல் மாதங்களில் நிகழ்கின்றது. அப்பருவத்தில் பால் குறைகின்றது. பால் குறையவே வருமானமும் குறைகின்றது. ஆண்டின் இறுதியிலோ மழை மிகுகின்றது. மரப்பட்டை நனைந்திருக்கும் காலையில் பால் வெட்ட இயலாது. இவ்விரு பருவங்களிலும் குடும்பச் செலவைச் சுருக்க வேண்டிய நிலை தோட்டங்களில் ஏற்படுகின்றது. ஆயினும் குழந்தையின் வளர்ச்சி பருவம் பார்த்து நிற்பதில்லை. மரம் ஓய்வு கொள்ளலாம்; ஒரு வயதுக் குழந்தையின் எலும்பும் மூளையும் ஓய்வு கொள்வதில்லை.

வேலை குறைந்த இந்நாள்கள் பெற்றோருக்கு ஒன்றைத் தருகின்றன. அதுவே நேரம். விடியுமுன் வெளிக்காட்டுக்குச் செல்லும் நாள்களில் கிட்டாத நேரத்தை, குழந்தைக்கான உடை, விளையாட்டுப் பொருள், உணவு ஆகிய மூன்றிலும் நாம் செலவிடலாம். பணச் செலவு மிகுதியாக வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே நினைவிற் கொள்ளல் வேண்டும். வீட்டில் செய்யப்பட்டது என்னும் ஒரே காரணத்தால் ஒரு பொருள் குழந்தைக்குத் தகுந்ததாகிவிடாது. எதை எடுக்கலாம், எதைத் தள்ள வேண்டும் என்னும் தெரிவே இங்கு முதன்மையானது.

பழைய கைலியில் புதிய சட்டை

பலமுறை துவைத்த பருத்தித் துணி மென்மையானது. வியர்வையை உறிஞ்ச வல்லது. நம் வெப்பத்திற்கு இதைவிடச் சிறந்த துணி குழந்தைக்கு வேறில்லை. பழைய கைலியில் உட்காரும் பகுதியே முதலில் நைந்துபோகும். மேலும் கீழும் உள்ள விளிம்புப் பகுதிகள் உறுதியாக இருக்கும். துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்து, இழை நெருக்கமாக உள்ள இடத்தையே வெட்டுதல் வேண்டும்.

குழந்தையின் மார்புச் சுற்றளவை ஒரு நூலால் அளந்து, அதன் பாதியோடு 6 சென்டிமீட்டர் கூட்டினால் சட்டையின் அகலம் கிடைக்கும். இதில் 2 சென்டிமீட்டர் தையலுக்கும், எஞ்சியது காற்றோட்டத்திற்கும் ஆகும். தோளிலிருந்து முழங்கால் வரை அளந்து, அந்நீளத்தோடு மேலும் 6 சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்க. ஒரு சென்டிமீட்டர் தோள் தையலுக்குப் போக, எஞ்சிய ஐந்தையும் அடியில் உட்புறமாக மடித்துத் தளர்வாகத் தைத்தால், குழந்தை வளரும்போது மடிப்பைப் பிரித்து நீளமாக்கலாம்.

கழுத்தைச் சுற்றி நாடாவோ கயிறோ வைத்தல் கூடாது. அது கதவிலோ தொட்டிலிலோ மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடக்கூடும். பின்புறத்தில் சிறு பிளவு விட்டு ஒரே ஒரு பொத்தானை இரட்டை நூலால் இறுகத் தைத்தால் போதும். ஒவ்வொரு முறை துவைத்த பின்னரும் பொத்தானை இழுத்துப் பார்த்தல் நலம்.

மருந்து தெளிக்கும் வேலைக்கு அணிந்த உடையைக் கிழித்துக் குழந்தைக்குத் தைத்தல் ஒருபோதும் ஆகாது. எத்தனை முறை துவைத்தாலும் நச்சு முழுவதும் நீங்கிவிட்டதென்று கண்ணால் பார்த்து அறிய இயலாது. அத்தகைய உடைகளைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைத்தலும் தவறு.

விளையாட்டுப் பொருள்கள்

சட்டை தைத்து எஞ்சிய துணியில், பக்கத்திற்கு 12 சென்டிமீட்டர் உள்ள ஆறு சதுரத் துண்டுகளை வெட்டுக. அவற்றைப் பெட்டி வடிவில் இணைத்து, உள்ளே துவைத்து உலர்த்திய கந்தல் துணியைத் திணித்துத் தைத்தால் ஒரு துணிக்கட்டை ஆகிவிடும். நான்கைந்து கட்டைகள் இருந்தால் குழந்தை அடுக்கும், தள்ளும், எண்ணும். துணிப் பொம்மை செய்வோர் கண்களுக்கு மணியோ பொத்தானோ வைக்காமல் கறுப்பு நூலால் தைத்துவிடுதல் வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். வாய்க்குள் அடங்கும் எப்பொருளும் மூச்சுக்குழலை அடைக்கக்கூடிய பொருளே.

கொட்டாங்கச்சியின் விளிம்பைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கினால், மணல் அள்ளவும் ஒன்றின்மேல் ஒன்று கவிழ்க்கவும் அது உதவும். விளையாடி முடித்ததும் அதைக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். அதில் தேங்கும் சிறிதளவு மழைநீரே டெங்கிக் கொசுவிற்குப் போதுமானது.

இலை துளிர்த்துப் பூத்த ஐந்தாறு மாதங்களில் ரப்பர்க் காய்கள் வெடித்துச் சிதறும். உள்ளங்கைகளுக்கிடையே கொட்டைகளை வைத்து உடைத்துப் பந்தயம் ஆடிய நினைவு நம்மில் பலருக்கும் உண்டு. ஆயினும் கைக்குழந்தைக்கு அக்கொட்டை இருவகையில் தீங்கானது. விழுங்கினால் மூச்சடைக்கும், கடித்துப் பருப்பைத் தின்றால் உடலுக்குள் சயனைடு என்னும் கொடிய நஞ்சு உண்டாகும். குழந்தை அதைத் தின்றுவிட்டது தெரிந்தால், வாந்தி எடுக்கச் செய்து காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

களைக்கொல்லிப் புட்டிகளும் ஃபார்மிக் அமிலக் கொள்கலன்களும் எவ்வளவு கழுவினாலும் விளையாட்டிற்கோ நீர் வைக்கவோ உதவா. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 சனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் பழைய புட்டி ஏதும் கொட்டகையின் மூலையில் கிடக்கின்றதா என்று பார்த்துவிடுதல் நலம்.

அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து அமைதிப்படுத்தும் வழக்கம் இன்று பரவியுள்ளது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இத்தகைய திரைகளின் முன் உட்கார வைத்தல் தகாது என உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. துணிக்கட்டையை அடுக்கும் குழந்தையோடு நாம் பேசும் பத்துச் சொற்கள், கைப்பேசி காட்டும் நூறு படங்களைவிடப் பயனுடையவை.

மழைக்காலக் கஞ்சி

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதுமான உணவு. அதன்பின் தாய்ப்பாலோடு மசித்த உணவும் வேண்டும். மழைக்காலத்தில் எளிதில் ஆக்கக்கூடிய கஞ்சி ஒன்றைக் கீழே தருகின்றோம்.

இரண்டு மேசைக்கரண்டி அரிசியையும் ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பையும் கழுவி, இரண்டு குவளை நீரில் குழைய வேகவிடுக. பாதி வெந்ததும் இரண்டு துண்டு பூசணியைச் சேர்க்க. இறக்குவதற்குச் சற்று முன் ஒரு பிடி முருங்கைக்கீரையையும், முள் முழுவதும் நீக்கிய கானாங்கெளுத்தி மீனின் சதையையோ ஒரு முட்டையையோ இட்டு நன்கு வேகவைத்து மசித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுக. கஞ்சி கரண்டியிலிருந்து ஒழுகாத பதத்தில் இருத்தல் வேண்டும். நீர்த்த கஞ்சி சிறு வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. ஒரு வயது வரை இதில் உப்பும் சர்க்கரையும் வேண்டா. தேனும் கொடுத்தல் கூடாது. எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளையும், அதன்பின் மூன்று அல்லது நான்கு வேளையும் உணவு தருக.

கைச்செலவு சுருங்கும்போது மரவள்ளிக்கிழங்கை நாடுவது நம் பழக்கம். 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் தோட்டத்து மக்கள் பலரின் உயிரைக் காத்ததும் அக்கிழங்கே. ஆயினும் அது பசியை ஆற்றுமேயன்றி, தசையை வளர்க்கும் புரதம் அதில் மிகக் குறைவு. மேலும் மரவள்ளியும் ரப்பரும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. முன்னர்க் கூறிய நஞ்சை உண்டாக்கும் பொருள் பச்சைக் கிழங்கிலும் உண்டு. தோலை முற்றும் நீக்கி, துண்டாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுதல் வேண்டும். கிழங்கோடு மீனோ முட்டையோ பருப்போ சேர்ந்தால்தான் அது குழந்தைக்கு உணவாகும்.

இனிப்புக் கட்டிப்பாலை நீரில் கரைத்துக் கொடுப்பது தாய்ப்பாலுக்கு ஈடாகாது; அதில் சர்க்கரையே மிகுதி. பெரியவர் பசியாறும்போது குழந்தைக்கும் தேநீரில் ரொட்டியை நனைத்து ஊட்டும் வழக்கத்தையும் நாம் கைவிடுதல் நன்று. உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் தடுக்கின்றது. வீட்டுப் பின்புறத்தில் பழுத்த பப்பாளித் துண்டு ஒன்றைக் கஞ்சிக்குப் பின் மசித்துக் கொடுத்தால் அச்சத்து எளிதில் உடலில் சேரும்.

தந்தையர்க்கும் பங்கு உண்டு

இவை யாவும் தாயின் வேலை என்று விட்டுவிடுதல் முறையன்று. பால் வெட்டும் கத்தியைத் தீட்டிப் பழகிய கைக்குக் கொட்டாங்கச்சியின் விளிம்பைத் தேய்த்தல் அரிதன்று. மீனில் முள் எடுத்தலும் அரிதன்று. மாதந்தோறும் குழந்தையை அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் சென்று எடை பார்ப்பதிலும் தந்தை உடன் செல்லலாம். எடை ஏறாமல் நின்றால், உண்ணும் உணவு போதவில்லை அல்லது நோய் ஏதோ உள்ளது என்பதை அங்கேயே கேட்டறிந்து கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு இலை உதிரும் காலத்தில் அந்தச் சட்டையை மீண்டும் எடுத்துப் பாருங்கள். அடியிலுள்ள மடிப்பைப் பிரிக்க வேண்டிய தேவை ஏற்பட்டிருக்குமாயின், வருவாய் குறைந்த பருவத்திலும் குழந்தையின் வளர்ச்சி குறையவில்லை என்பதற்கு அதுவே சான்றாகும்.