மாத்திரைக்குள் ஒரு காமிரா!

மாத்திரை விழுங்கினால் வியாதி குணமாகும் என்றுதான் நமக்குத் தெரியும். அந்த மாத்திரையே வயிற்றுக்குள் போய்ப் படம் எடுத்து அனுப்பினால்? ஏவுகணை வேலையில் இருந்த இஸ்ரேல் எஞ்சினீயர் காவ்ரியேல் இடானின் யோசனை இது. 2000-ல் உலகுக்கு அறிமுகமானது. முதலில் சிறுகுடலுக்கு மட்டும். 2006-ல் பெருங்குடலுக்கென்று தனியாக ஒன்று வந்தது.

பெருங்குடல் மாத்திரையின் நீளம் சுமார் 3 செ.மீ. இரண்டு முனையிலும் காமிரா, விளக்கு. குடல் அதைத் தானே தள்ளிக் கொண்டு போகும். நொடிக்கு 4 முதல் 35 படங்கள் வரை எடுக்கும். இடுப்பில் கட்டிய பெட்டியில் அவை பதிவாகும். மாத்திரை மலத்தோடு வெளியே வந்துவிடும். இங்கிலாந்து அரசு மருத்துவத் துறை 2021-ல் 11,000 பேரிடம் இதைப் பரீட்சிக்கத் திட்டமிட்டது.

கம்பத்தில் எங்கள் தெரு மதினி ஒருத்தி ஏலத் தோட்டத்துக்கு விடியுமுன்னே ஜீப் ஏறுகிறவள். மலத்தில் ரத்தம் போனதை, "மூலச்சூடுதான், வெந்தயம் ஊறப்போட்டுக் குடிச்சாச் சரியாப் போகும்" என்று மாசக்கணக்கில் மறைத்திருக்கிறாள். டாக்டர் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றதும், "மாத்திரையே போதும்ங்கிறாங்களே, நெசமா தாயி?" என்று என்னிடம் கேட்டாள்.

நிஜம்தான். ஆனால் மாத்திரை பார்க்கும். எதையும் வெட்டி எடுக்காது. சதை வளர்ந்திருந்தால் மறுபடி குழாய்தான். பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் பண்ணுவது இரண்டுக்குமே உண்டு. மாத்திரைக்கு விலையும் அதிகம். குடலில் அடைப்பு, விழுங்கச் சிரமம் உள்ளவர்களுக்கு ஆகாது. அது வெளியே வரும்வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கூடாது.

இதையெல்லாம் டாக்டரே விளக்கியபின் மதினி குழாய்க்குச் சம்மதித்தாள். மயக்க ஊசி போட்டதில் வலி தெரியவில்லை. உள்ளே இருந்த சதை வளர்ச்சியையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். விட்டிருந்தால் நாளடைவில் புற்றாக மாறக்கூடிய வகையாம்!

சகோதரிகளே! மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்போக்கு, காரணமில்லாத இளைப்பு, தீராத சோகை – இவற்றில் ஒன்று இருந்தாலும் கூச்சப்படாதீர்கள். க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மாத்திரையா, குழாயா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். வாய் திறந்து சொல்ல வேண்டியது மட்டும் நாம்தான்!