தேவையில்லாத ‘ஹெவி’ பயிற்சி: கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம்

மளிகை, அரிசி மண்டி, எண்ணெய் ஏஜென்சி என எந்த வியாபாரமானாலும் இன்று கடை வாசலில் ஒரு ‘குட்டி யானை’யாவது நிற்கிறது. அதை ஓட்டும் டிரைவரிடம் சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் இருக்கும். “மஞ்சள் போர்டு வண்டிக்கு இது செல்லாது, பேட்ஜ் போட வேண்டும், ஹெவி கிளாஸ் முடிக்க வேண்டும்” என்று யாராவது சொல்லி வைப்பார்கள். உடனே பயிற்சிப் பள்ளியில் பல ஆயிரம் ரூபாய் கட்டி, டிரைவரை ஒரு மாதம் வேலையிலிருந்தும் விட்டுக்கொடுக்கிறோம். பெரும்பாலான சிறு வண்டிகளுக்கு இந்தச் செலவு தேவையே இல்லை என்பதை வணிக நண்பர்கள் அறிய வேண்டும்.

இந்தப் பயம் வந்த வழி இன்ஷூரன்ஸ். வண்டி மோதி நஷ்ட ஈடு கேட்கும்போது, “டிரைவரின் லைசென்ஸில் போக்குவரத்து வாகனத்துக்கான அனுமதி எழுதப்படவில்லை” என்று சொல்லிக் கம்பெனிகள் கை கழுவப் பார்த்தன. அப்படி வந்த வழக்குகள் பல. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, முகுந்த் தேவாங்கன் வழக்கில், இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் அதே எடைக்குள் அடங்கும் சரக்கு வண்டியையும் ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. இன்ஷூரன்ஸ் தரப்பு விடவில்லை. 2022-ல் விஷயம் பெரிய அமர்வுக்குப் போயிற்று. 2024 நவம்பர் 6 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு ரம்பா தேவி வழக்கில் ஒரே குரலில் பழைய தீர்ப்பை உறுதி செய்துவிட்டது.

கணக்கு இதுதான். வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாவிட்டால் எல்.எம்.வி. லைசென்ஸ் போதும். மொத்த எடை என்றால் நாம் ஏற்றும் மூட்டையின் எடை மட்டும் அல்ல. வண்டியின் சொந்த எடையும் அனுமதிக்கப்பட்ட சரக்கின் எடையும் சேர்ந்தது. ஆர்.சி. புத்தகத்தில் இது அச்சிட்டிருக்கும். வெறும் வண்டியின் எடை தனியாக இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். குட்டி யானை, தோஸ்த், பொலிரோ பிக்கப் போன்றவை இந்த வரம்புக்கு வெகு கீழே நிற்பவை. ஐச்சர் வகையில் சிறியதும் உண்டு, வரம்பைத் தாண்டியதும் உண்டு, ஆர்.சி.யைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

7,500 கிலோவைத் தாண்டிய லாரிக்குக் கட்டாயம் தனித் தகுதி வேண்டும். அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிக்கும், இ-ரிக்‌ஷா, இ-கார்ட்டுக்கும் தனி விதிகள் தொடர்கின்றன. எனவே கடைச் சரக்கோடு கேஸ் சிலிண்டர் ஏஜென்சியும் நடத்துபவர்கள் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு பயிற்சியைக் கைவிட வேண்டாம். எஃப்.சி., வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் வண்டியைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தமில்லை.

சரி, கட்டிய பணம்? “இது கட்டாயம்” என்று பள்ளி சொல்லித்தான் பணம் வாங்கியதா என்பதே முதல் கேள்வி. நாளை பெரிய லாரி ஓட்டலாம் என்று டிரைவரே விரும்பிச் சேர்ந்து, வகுப்பும் முடித்திருந்தால், கேட்பதில் நியாயமில்லை, கிடைக்கவும் கிடைக்காது. ஆனால் உங்கள் வண்டி எது என்று தெரிந்தே, தேவையில்லாததைத் தேவை என்று சொல்லி வாங்கியிருந்தால் கதை வேறு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, ஒரு சேவை தேவை என்று தவறாகச் சொல்லி விற்பதை முறையற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது. (பில் கொடுக்காமல் இருப்பதும் இதே பிரிவில்தான் வருகிறது. நம் கடைகளுக்கும் சேர்த்துத்தான்!) வகுப்பு ஆரம்பிக்கவே இல்லை என்றால் முழுத் தொகையையும் கேளுங்கள். பாதி நடந்திருந்தால் மீதியைக் கேட்பது பேச்சு வார்த்தையிலேயே முடிய வாய்ப்புண்டு. எல்.எல்.ஆருக்காக அரசுக்குக் கட்டிய ரசீதைப் பள்ளி காட்டினால், அதைக் கழித்துக்கொள்ள விடுவது நல்லது. சிறு தொகைக்காகப் பெரிய தொகையை இழுத்தடிக்க வேண்டாம்.

கேட்பதை வாயால் கேட்காதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: பணம் கட்டிய தேதி, ரசீது எண், வண்டியின் மொத்த எடை, 2024 தீர்ப்பு, இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற கெடு. ஆர்.சி. நகலையும் லைசென்ஸ் நகலையும் இணைத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பள்ளியின் நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எதுவானாலும் ‘கட்டாயம்’ என்ற சொல் அதில் இருந்தால் அதுதான் உங்கள் பெரிய சாட்சி. பயிற்சிப் பள்ளிக்கு உரிமம் தருவது போக்குவரத்துத் துறை. ஆகவே கடிதத்தின் ஒரு நகலை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்பினால் பதில் சற்று வேகமாக வரும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை; வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பள்ளி வேறு ஊரில் இருந்தாலும், மனு கொடுப்பவர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்.

வியாபாரிகள் இங்கே ஒரு இடத்தில் உஷாராக இருக்க வேண்டும். கடைப் பெயரில் ரசீது இருந்தால், “இவர் வியாபார நோக்கத்துக்காகச் சேவை வாங்கியவர், நுகர்வோர் அல்ல” என்பதே எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். சட்டத்தின் 2(7) பிரிவு அந்த வாதத்துக்கு இடம் தருகிறது. டிரைவர் தன் கைப்பணத்தைக் கட்டி, ரசீதும் அவர் பெயரில் இருந்தால் அவரே மனு கொடுப்பது பலம். கடைதான் கட்டியது என்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் சமரச மனு கொடுக்கலாம், அல்லது சிவில் வழக்குப் போடலாம். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு, தவறுதலாகக் கொடுத்த பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு கட்டியதும் இதில் அடங்கும் என்பதை உச்ச நீதிமன்றம் 1958-லேயே ஏற்றுவிட்டது. அந்த வழக்கைப் போட்டவர்களும் நம்மைப் போன்ற வியாபாரிகள்தான்: விற்பனை வரியைத் திரும்பக் கேட்ட காசி நகரத்து நகை வியாபாரிகள்.

இன்னொன்று. பயிற்சிக் கட்டணத்தை மாதா மாதம் டிரைவரின் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட கடைகள் உண்டு. பள்ளியிடமிருந்து வரும் பணம் அவருக்குச் சேர வேண்டியது. கல்லாவில் வரவு வைப்பதற்கு முன் சம்பளப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு. 2024 தீர்ப்பு வந்த பிறகும் ‘கட்டாயம்’ என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. ரசீதில் உள்ள தேதியிலிருந்து நாளை எண்ணி, கெடு நெருங்கும் முன் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.