வட்டைக்குப் போகும் பசளை, உலைக்கு வரும் கட்மியம்

படுவான்கரையில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இரும்புச்சத்துக் குறைபாடு பற்றிப் பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்த அக்கா ஒருவர் எழுந்தார். "மிஸ், கீரையும் குளிசையும் சரி. மூணு நேரமும் நாங்க தின்றது சோறுதானே. பசளையால அந்தச் சோத்துக்குள்ளயும் நஞ்சு வருதாமே, உண்மைதானா?"

நான் சமூகவியல் படித்தவள். அடுத்த மாதம் பதிலோடு வருவதாகச் சொல்லிவிட்டு வந்து, தேடி வாசித்தேன்.

அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. ரீ.எஸ்.பி. போன்ற பொஸ்பேற்றுப் பசளைகள் பாறையிலிருந்து செய்யப்படுபவை. அந்தப் பாறையில் கட்மியம் என்ற உலோகம் சிறிதளவு கலந்திருக்கும். அது உக்கி அழிவதில்லை. போகத்துக்குப் போகம் மண்ணில் சேரும். வேர் அதைச் சத்தென்று எண்ணி உறிஞ்ச, நெல்மணிக்குள் போய்விடும். பயிர் பச்சைப்பசேலென்றுதான் நிற்கும்.

யப்பானில் ஜின்சு ஆற்றோரம் சுரங்கக் கழிவு நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டவர்களுக்கு எலும்பு முறிந்தது. அந்நோயின் பெயரே "இத்தாய் இத்தாய்", அதாவது "நோகுது நோகுது". 1968இல் அரசு காரணத்தை ஏற்றுக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பல பிள்ளை பெற்ற, நடுவயது கடந்த பெண்கள். உடலில் இரும்புச்சத்து குறைந்தால் குடல் கட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். எங்கள் கூட்டத்தின் தலைப்பும் அக்காவின் கேள்வியும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தச் சுரங்கக் கழிவின் அளவோடு எமது வட்டைகளை ஒப்பிட்டுப் பயப்படத் தேவையில்லை. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய்க்கும் கட்மியம்தான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை.

மண்ணைத் திருத்த வழி உண்டு. புளிப்பு மண்ணில் கட்மியம் எளிதில் கரையும். சுண்ணாம்போ டொலமைற்றோ இட்டால் கரைவது குறையும். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் பயிருக்கு நாகச்சத்துக் கிடைக்காது. வாவியோர உவர் நிலத்துக்குச் சுண்ணாம்பு தேவைப்படாமலும் போகலாம். ஆகவே முதலில் மண் பரிசோதனை. கதிர் முற்றும்வரை வயலில் நீர் நின்றாலும் கட்மியம் அடங்கும். ஆனால் அதே நீரில் ஆசனிக் கரைந்து மேலே வரும்! அதற்கு உமிக்கரி உதவும். உமியில் சிலிக்கா நிறைய உண்டு. சிலிக்கா போகும் வழியால்தான் ஆசனிக்கும் வேருக்குள் போகிறது. சிலிக்கா கூடினால் ஆசனிக்குக்கு இடம் குறையும். நாமோ உமியைச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிடுகிறோம். இலையில் சிலிக்காவும் செலினியமும் தெளித்தும் ஆராய்கிறார்கள். செலினியம் சற்றுக் கூடினாலே நஞ்சு. வீட்டில் முயல வேண்டாம்.

சோற்றை நிறையத் தண்ணீரில் அவித்து வடித்தால் ஆசனிக் குறையும், கட்மியம் அவ்வளவாகப் போகாது. 2021இல் செய்ததுபோல ஒரே நாளில் பசளையை நிறுத்தினாலும் ஏற்கெனவே சேர்ந்தது மண்ணிலேயே இருக்கும்.

இதையெல்லாம் அடுத்த கூட்டத்தில் சொன்னேன். அக்கா வயலில் பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, பையில் கட்டி ஒரு காரியாலயத்துக்குக் கொண்டுபோனார். அது தாய் சீதனமாகக் கொடுத்த வயல். உறுதி அவர் பெயரில். விவசாயிகள் பதிவிலோ கணவர் பெயர். "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க" என்றார்களாம்.

"காணியும் என்ட, மண்ணைக் கிண்டினதும் நான். அவர் வந்து என்னத்தைச் சொல்லப்போறார்?" என்று அங்கேயே இருந்துவிட்டார். பின்னேரம் இரண்டு மணிக்குப் பையை வாங்கிக்கொண்டார்கள்.