எறும்பிடம் கேட்ட எம்.பி.

சிவப்புக் கண்ணாடிக்கு அடியில் 890. பச்சைக்கு அடியில் 544. மஞ்சளுக்கு அடியில் 495. ஊதாவுக்கு அடியில் ஐந்தே ஐந்து.

எறும்புகளின் எண்ணிக்கை இது. எண்ணியவர் ஜான் லப்பக். லண்டனில் ஒரு வங்கியின் பங்குதாரர். 1870 முதல் 1900 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். பகலில் வங்கி, மாலையில் நாடாளுமன்றம் என்று ஓடிய மனிதருக்கு மிச்சமான நேரம் கொஞ்சம்தான். அந்த நேரத்தை அவர் எறும்புகளுக்குக் கொடுத்தார். மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி சில உயிர்களுக்குத் தெரிகிறது என்பதை உலகம் முதன்முதலில் அறிந்துகொண்டது அப்படித்தான்.

லப்பக்கின் தந்தையும் வங்கியாளர்; கணிதமும் வானியலும் கற்றவர். கென்ட் பகுதியில் டவுன் என்னும் கிராமத்தை ஒட்டி அவர்களுக்குப் பெரிய பண்ணை வீடு இருந்தது. 1842-இல் ஒருநாள், உனக்கு ஒரு பெரிய செய்தி இருக்கிறது என்று தந்தை சொன்னார். மட்டக்குதிரை வாங்கித் தரப்போகிறார் என்று எட்டு வயதுச் சிறுவன் எதிர்பார்த்தான். சார்லஸ் டார்வின் நம் ஊருக்குக் குடிவருகிறார் என்பதுதான் செய்தி. அன்று ஏமாந்துபோனதைப் பிற்காலத்தில் லப்பக்கே சொல்லியிருக்கிறார். ஈட்டன் பள்ளியிலிருந்து பதினைந்து வயது நிறையும் முன்பே அவரை நிறுத்தி வங்கியில் உட்காரவைத்துவிட்டார்கள். பல்கலைக்கழக வாசலை மாணவராக அவர் மிதித்ததில்லை. பக்கத்து வீட்டு டார்வின்தான் அவருக்குப் பல்கலைக்கழகம். பூச்சியை எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எப்படிச் சந்தேகிப்பது என்ற இரண்டையும் அங்கே கற்றார்.

எறும்புக் கூட்டைத் தோண்டினால் எறும்புகள் தெரியும். எறும்புகள் செய்வது தெரியாது. அதனால் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய மண் படலத்தை வைத்து, அதில் எறும்புகளைக் குடியேற்றினார் லப்பக். மேலே ஒரு மூடி. தேவைப்படும்போது திறந்து பார்க்கலாம். எறும்புகளின் முதுகில் வண்ணப் புள்ளி இட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டார்.

மூடியைத் திறந்ததும் எறும்புகள் பதறுவதைக் கவனித்தார். வெளிச்சம் பட்டால் அவை முதலில் தங்கள் கூட்டுப்புழுக்களை இருட்டான மூலைக்குத் தூக்கிச் செல்கின்றன. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால் மழை வரும் என்று நம் ஊரில் சொல்வோம். அப்போது வெள்ளையாக, எறும்பின் அளவுக்கே தெரிகிறதே, அதில் பெரும்பங்கு முட்டை அல்ல; வளர்ந்த புழுவும் கூட்டுப்புழுவும்தான். முட்டை மிகச் சிறியது.

எறும்புக்கு இருட்டு பிடிக்கிறதென்றால், எது இருட்டு என்று எறும்பையே சொல்லவைக்கலாமே என்று லப்பக் யோசித்தார். கூட்டின் மேல் நான்கு நிறக் கண்ணாடிப் பட்டைகளை வரிசையாக வைத்தார். சற்றுப் பொறுத்து, எந்தக் கண்ணாடிக்கு அடியில் எத்தனை எறும்புகள் கூடியிருக்கின்றன என்று எண்ணினார். பட்டைகளை இடம் மாற்றி வைத்து மறுபடியும் எண்ணினார். இப்படிச் சேர்ந்த கணக்குதான் தொடக்கத்தில் சொன்னது. நம் கண்ணுக்கு அந்த நான்கில் ஊதாதான் மிகவும் இருண்டது. நாம் எறும்பாக இருந்தால் ஊதாவுக்கு அடியில்தான் ஒளிந்திருப்போம். எறும்புகளோ அதை நெருப்பைப் போல் விலக்கின.

இந்த இடத்தில் பலர் நின்றிருப்பார்கள். எறும்புக்கு ஊதா நிறம் பிடிக்காது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். லப்பக் நிற்கவில்லை. 1801-இல் ஜொஹான் ரிட்டர் என்ற ஜெர்மானியர், சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, ஊதா முடியும் இடத்துக்கு அப்பால் சில்வர் குளோரைடை வைத்திருந்தார். எதுவுமே தெரியாத அந்த இடத்தில் அது கறுத்தது. புற ஊதாக் கதிர் அங்கே விழுகிறது என்பது அன்று முதல் தெரியும். ஆனால் உயிருள்ள எதற்கும் அது கண்ணில் படும் என்று யாரும் காட்டியிருக்கவில்லை.

லப்பக்கும் ஒளியை அப்படியே பிரித்து, ஊதாவுக்கு அப்பாலுள்ள அதே இடத்தில் கூட்டுப்புழுக்களை வைத்தார். நமக்கு அது இருட்டு. எறும்புகள் ஓடிவந்து முதலில் அங்கிருந்த புழுக்களைத்தான் தூக்கின. தூக்கிச் சிவப்பொளி விழும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தன.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கார்பன் டைசல்பைடு என்ற திரவம் தண்ணீரைப் போலத் தெளிவானது. ஆனால் புற ஊதாக் கதிரை உள்ளே விடாது. ஒரு பக்கம் அந்தத் தெளிந்த திரவம், மறுபக்கம் கரும் ஊதாக் கண்ணாடி. எறும்புகள் தெளிந்த திரவத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. நமக்குப் பட்டப்பகலாகத் தெரிந்தது அவற்றுக்கு நிழல். நமக்கு நிழலாகத் தெரிந்தது அவற்றுக்குக் கண்கூசும் வெளிச்சம். நம்மால் கற்பனைகூடச் செய்ய முடியாத ஒரு தனி நிறமாகவே புற ஊதா எறும்புகளுக்குத் தோன்றலாம் என்று அவர் எழுதினார்.

பின்னால் வந்த ஆய்வுகள் அவரை உறுதிப்படுத்தின. மனிதக் கண்ணின் வில்லை புற ஊதாவை வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. நம் பார்வை ஏறக்குறைய 400 நானோமீட்டர் அலைநீளத்தில் தொடங்குகிறது. தேனீயின் கண்ணில் 340 நானோமீட்டர் வாக்கில் உள்ள கதிருக்கென்றே தனி உணர்செல்கள் உண்டு. நாம் முழு மஞ்சளாகப் பார்க்கும் சூரியகாந்தி இதழ்கள், புற ஊதாவில் அடியில் இருண்டும் நுனியில் பளிச்சென்றும் இருக்கின்றன. சகாராவில் வாழும் பாலைவன எறும்பு, வானத்திலிருந்து வரும் புற ஊதா ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்று பார்த்துத் தன் வளைக்கு நேர்வழி கண்டுபிடிக்கிறது. சிவப்போ எறும்புக்கு ஏறத்தாழத் தெரிவதே இல்லை. இன்றும் வீட்டில் எறும்பு வளர்ப்பவர்கள் கூட்டின் மேல் சிவப்புத் தாளைப் போர்த்துகிறார்கள்.

எல்லாச் சோதனையும் இப்படிக் கனிந்துவிடவில்லை. எறும்புகளுக்குப் பக்கத்தில் வயலின் வாசித்தார், சீழ்க்கை அடித்தார், அவை அசையவில்லை. காற்றில் வரும் ஒலியை அவை பொருட்படுத்துவதில்லை, தரையின் அதிர்வைக் காலால் உணர்கின்றன என்பது பிறகுதான் தெளிவாயிற்று. ஒரே கூட்டைச் சேர்ந்தவை ஒன்றையொன்று எப்படி அறிகின்றன, ஏதும் சைகையோ குறிச்சொல்லோ இருக்கிறதா என்று பார்க்க, சில எறும்புகளுக்குச் சாராயம் கொடுத்து மயங்கவைத்தார். சைகை காட்ட முடியாத நிலையிலும் சொந்தக் கூட்டு எறும்புகளைத் தோழர்கள் பெரும்பாலும் வீட்டுக்குத் தூக்கிச் சென்றன. அயல் எறும்புகளில் பெரும்பாலானவற்றைத் தண்ணீரில் தள்ளின.

நாடாளுமன்றத்தில் அவர் லிபரல் கட்சிக்காரர். அயர்லாந்துப் பிரச்சினையில் 1886-இல் கட்சித் தலைவர் கிளாட்ஸ்டனைப் பிரிந்தார். இன்று அவரை நினைவூட்டுபவை இரண்டு சட்டங்கள். 1871-ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டம், குறிப்பிட்ட நாள்களில் கெடு முடியும் வணிக மாற்றுச்சீட்டுகளுக்கு மறுநாள் பணம் கொடுத்தால் போதும் என்றது. அந்த ஒரு வரியால் வங்கிகள் மூட முடிந்தது. வங்கிகள் மூடியதும் கடைகளும் அலுவலகங்களும் மூடின. ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை விடுமுறையைப் புனித லப்பக் நாள் என்றே மக்கள் அழைத்தார்கள். அடுத்தது 1882-ஆம் ஆண்டு தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம். தொல்லியலும் அவருடைய துறைதான்; பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று நாம் பள்ளியில் படிக்கும் பிரிவுக்கு ஆங்கிலப் பெயர்களைச் சூட்டியவரே அவர்தான். ஏவ்பரி என்ற ஊரிலுள்ள பழங்காலக் கல்வட்டத்துக்குள் வீடு கட்ட மனை விற்கிறார்கள் என்று அறிந்ததும் தன் பணத்தில் நிலத்தை வாங்கித் தடுத்தார். 1900-இல் பிரபு பட்டம் கிடைத்தபோது அந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொண்டார். தொல்சின்னங்களுக்கான முதல் மசோதாவை அவர் கொண்டுவந்தது 1873-இல். சொத்துரிமையில் கை வைக்கிறார் என்று உறுப்பினர்கள் மீண்டும் மீண்டும் தோற்கடித்தார்கள். ஒன்பது ஆண்டுகள் அவர் விடவில்லை. கண்ணாடிப் பட்டைகளை இடம் மாற்றி மாற்றி வைத்து எண்ணிய அதே பொறுமையைத்தான் இதிலும் பார்க்கிறேன்.

அந்தச் சட்டம் நிறைவேறிய ஆண்டில்தான் டார்வின் இறந்தார். அவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கியவரும் லப்பக்தான். சவப்பெட்டியோடு நடந்தவர்களில் அவரும் ஒருவர்.

1874 டிசம்பரில் அவர் ஒரு ராணி எறும்பைக் கூட்டில் சேர்த்திருந்தார். அதன் பிறகு அவர் மனைவியை இழந்தார், ஒரு தேர்தலில் தோற்றார், வேறு தொகுதியில் வென்றார், மறுமணம் செய்தார், கட்சியைப் பிரிந்தார். அந்த ராணி 1888 ஆகஸ்ட் வரை உயிரோடிருந்தது.